திரு. காலின்ஸ் யாருக்கு என்ன முறை?

எமிலி பிராண்ட்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலைத் (1847) தமிழாக்கி ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தேன். பதிப்பகத்தின் பெயர் இங்கே வேண்டாம். நல்ல தாளில் அச்சிடுபவர்கள். சொன்ன ஆண்டிலேயே பெரும்பாலும் புத்தகத்தைக் கொண்டுவந்துவிடுபவர்கள். மெய்ப்பு திரும்பி வந்தபோது, நான் ‘அத்தை மகன்’ என்று எழுதிய இடங்களிலெல்லாம் ‘ஒன்றுவிட்ட சகோதரன்’ ஏறியிருந்தது. ‘மாமன் மகன்’ என்று எழுதிய இடங்களிலும் அதுவே. காரணம் கேட்டு எழுதினேன். பதில் சுருக்கமாக வந்தது: அத்தை மகன், மாமன் மகன் என்பவை கிராமிய வழக்கு; இலக்கிய மொழிபெயர்ப்புக்குப் பொதுத்தமிழ் வேண்டும்; தவிரவும், மூலத்தில் ‘கசின்’ என்றுதானே இருக்கிறது?

இந்தப் பதிலைத் தனிப்பட்ட மனத்தாங்கலாக மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் இதை எழுதவேண்டிய தேவை இராது. ஆனால் இது ஒரு பதிப்பாசிரியரின் கருத்து மட்டுமன்று. சென்ற அரை நூற்றாண்டில் ஆங்கிலத்திலிருந்தும் ஆங்கிலம் வழியாகவும் தமிழுக்கு வந்த கதைகளை வாசித்தவர்கள் ‘ஒன்றுவிட்ட சகோதரன்’ என்கிற அந்த விநோத மனிதனைப் பலமுறை சந்தித்திருப்பார்கள். அவன் விருந்துக்கு வருவான், சொத்துக்கு வழக்காடுவான், இருபதாவது அத்தியாயத்தில் கதாநாயகியைப் பெண் கேட்பான். தமிழ் வாசகர் ஒரு கணம் திடுக்கிட்டு, ‘வெள்ளைக்காரர்கள் வழக்கம் போலும்’ என்று சமாதானம் செய்துகொண்டு பக்கத்தைப் புரட்டுவார். அந்த ஒரு கணத் திடுக்கிடலை மொழிபெயர்ப்பாளர்தான் உண்டாக்குகிறார், மூல ஆசிரியர் அல்லர் என்பதே என் புகார்.

வுதரிங் ஹைட்ஸிலிருந்தே தொடங்குகிறேன். மூத்த கேத்தரின் எட்கர் லின்ட்டனை மணக்கிறாள். அவர்களுக்குப் பிறந்தவள் இளைய கேத்தரின். எட்கரின் தங்கை இஸபெல்லா ஹீத்கிளிஃபுடன் ஓடிப்போய்ப் பெற்ற பிள்ளை லின்ட்டன். மூத்த கேத்தரினின் அண்ணன் ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டன். இளைய கேத்தரின் முதலில் லின்ட்டனுக்கு வற்புறுத்தி மணமுடிக்கப்படுகிறாள்; அவன் இறந்த பிறகு, நாவலின் முடிவில், ஹேர்ட்டனை மணக்க இருக்கிறாள். அதாவது முதல் கணவன் அத்தை மகன், இரண்டாமவன் மாமன் மகன். யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் காற்றடிக்கும் அந்தக் கதை, முறை பிசகாமல், நம் மதுரைப் பக்கத்துக் குடும்பக் கதையைப் போல அமைந்திருக்கிறது! லின்ட்டன் பெண்ணைவிட ஆறு மாதம் இளையவன் என்பதொன்றுதான் நம் பெரியவர்கள் முணுமுணுக்கக்கூடிய குறை. நாத்தனார் பிள்ளைக்கே பெண் போகவேண்டும், சொத்து வெளியே போகக்கூடாது என்கிற கணக்கும் நமக்குப் பழகியதுதான். ஹீத்கிளிஃப் அந்தக் கணக்கைப் பழிவாங்கும் கருவியாக்குகிறான். ‘அத்தை மகன்’ என்று எழுதினால் இவ்வளவும் தமிழ் வாசகருக்குத் தானாகக் கிடைக்கும். ‘ஒன்றுவிட்ட சகோதரன்’ என்று எழுதினால் கிடைப்பது உடன்பிறப்பு முறையில் ஒரு பொருந்தாத் திருமணம்.

இதற்கு நேரெதிரானது ஜேன் ஆஸ்டினின் ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ (1814). ஃபேனியின் தாயும் எட்மண்டின் தாயும் உடன்பிறந்த சகோதரிகள். ஃபேனி பத்து வயதில் அந்த வீட்டுக்கு வருகிறாள், எட்மண்டின் நிழலில் வளர்கிறாள், கடைசியில் அவனையே மணக்கிறாள். நம் கணக்கில் அவன் அண்ணன். இங்கே ‘ஒன்றுவிட்ட சகோதரன்’ என்பதே தமிழ் வழக்குக்குச் சரியான சொல். தமிழ் வாசகருக்கு உறுத்தத்தான் செய்யும், உறுத்தட்டும். சகோதரன்போல் வளர்ந்தவன் கணவனாவதில் உள்ள சங்கடத்தை ஆஸ்டினே கதையின் தொடக்கத்தில் பேசவைக்கிறார். ஒன்றாக வளர்த்தால் அண்ணன் தங்கையாகத்தான் இருப்பார்கள், அஞ்சவேண்டாம் என்று சொல்லித்தான் ஃபேனியை அழைத்து வருகிறார்கள். ஆக, ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் எட்மண்டும் லின்ட்டனும் தமிழில் எதிரெதிர்க் கரைகளில் நிற்பவர்கள். இருவருக்கும் ஒரே பெயர் சூட்டுவதற்குப் பொதுத்தமிழ் என்று பெயரா?

இனி தலைப்பில் உள்ளவர். ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ (1813) நாவலில் வரும் பாதிரியார் காலின்ஸ். பென்னட்டுக்கு ஆண் வாரிசு இல்லை. ஆண்வழிக்கே போகும்படி கட்டப்பட்ட சொத்து, அவருக்குப் பிறகு காலின்ஸுக்குச் செல்லும். காலின்ஸின் தந்தைக்கும் பென்னட்டுக்கும் நெடுநாள் மனத்தாங்கல். சொத்தில் தொடர்ச்சி, பேச்சுவார்த்தை இல்லாத பகை: இதற்கு நம்மிடம் ஒரு சொல் அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது, பங்காளி. (குடும்பப் பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்பதை ஆஸ்டின் விளக்குவதில்லை.) சரி, பங்காளி என்று எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தால் அடுத்த அத்தியாயங்களில் அந்த மனிதர் எலிசபெத்தைப் பெண் கேட்கிறார். பங்காளி பெண் கேட்பதா! போதாக்குறைக்கு, பென்னட்டும் அவரைக் கசின் என்கிறார், எலிசபெத்தும் கசின் என்கிறாள். பென்னட்டுக்குத் தம்பி முறை என்று வைத்தால் எலிசபெத்துக்குச் சித்தப்பா. தலைமுறையும் குழம்பி, முறையும் குழம்பிய இந்த இடத்தில் நானாக இருந்தால் ‘தூரத்து உறவினர்’ என்று எழுதி, சொத்துப் பேச்சு வருகிற ஒரே ஒரு இடத்தில் மட்டும் பென்னட்டின் வாயில் ‘பங்காளி’யை வைப்பேன். அவருடைய கேலிக்கு அது பொருந்தும். ஆனால் இது ஒவ்வோர் இடமாக யோசித்துச் செய்யவேண்டிய வேலை. கணினியில் ஒரு சொல்லைத் தேடி இன்னொரு சொல்லை எல்லா இடத்திலும் மாற்றுகிற வேலையன்று.

அதே நாவலில் டார்சியின் பெரியம்மாவோ சித்தியோ ஆன கேத்தரின் சீமாட்டி, தன் மகளுக்கும் டார்சிக்கும் தொட்டிலிலேயே முடிச்சுப் போட்டதாக எலிசபெத்திடம் வந்து சண்டையிடுகிறாள். அக்காள் தங்கை தம் பிள்ளைகளுக்குள் சம்பந்தம் பேசிக்கொண்டார்கள்! தமிழ் வாசகருக்கு எலிசபெத்தின் கட்சி அக்கணமே வென்றுவிடும், ஆஸ்டின் கொடுக்காத ஒரு காரணத்தால். மறுபுறம், டார்சியோடு சேர்ந்து அவன் தங்கை ஜார்ஜியானாவுக்குக் காப்பாளனாக இருக்கும் கர்னல் ஃபிட்ஸ்வில்லியம் அவர்களுடைய தாய்மாமன் மகன். நம் வழக்கில் முறைமாப்பிள்ளையையே காப்பாளனாகப் போட்டதுபோல ஆகிறது. சொல்லைச் சரியாக எழுதினாலும் இப்படிப்பட்ட மிகைப்பொருள்கள் வந்து சேரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் எதிர்த்தரப்பு நண்பர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: ‘அத்தை மகன் என்றால் உரிமை, பரிசம், சீர் எல்லாம் கூடவே வருகிறதே, மூலத்தில் அது உண்டா?’ இல்லைதான். ஆனால் ‘சகோதரன்’ என்றால் மட்டும் எதுவும் கூட வராதா? விலக்கு வருகிறது. தமிழில் ஓர் ஆணை ‘அண்ணா’ என்று அழைப்பது வெறும் மரியாதையன்று. கல்லூரியில் தன்னைச் சுற்றிச்சுற்றி வருபவனை ஒரு பெண் திடீரென்று ‘அண்ணா’ என்றால் அவன் முகம் ஏன் வாடுகிறது? ஒரு சொல்லால் கதவைச் சாத்திவிட்டாள். அந்தச் சாத்திய கதவைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘நடுநிலை’ என்கிறார்கள். உறவுச் சொல்லில் தமிழுக்கு நடுநிலை கிடையாது. பங்காளி, அல்லது மாமன் மச்சான். நடுவில் நிற்க இடமில்லை.

இது என் கண்டுபிடிப்பன்று. நியூயார்க் மாநிலத்து வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், செவ்விந்தியர்களான இரோகுவா மக்களின் உறவுச் சொற்களையும் தமிழ் உறவுச் சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்து வியந்து 1871இல் ஒரு பெரும் நூலே வெளியிட்டார். தந்தையின் சகோதரனும் தந்தை, தாயின் சகோதரியும் தாய், அவர்கள் பிள்ளைகள் உடன்பிறப்புகள் என்கிற ஒற்றுமையிலிருந்து அவர் மனிதகுல வரலாற்றைப் பற்றியே முடிவுகளுக்குத் தாவினார். அவற்றுள் பல நிற்கவில்லை. 1953இல் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் ஒரு கட்டுரையில் விஷயத்தை நேராகப் பிடித்தார். மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்ந்தவர் அவர். மாமன் என்பவரைத் ‘தாயின் சகோதரன்’ என்று பார்ப்பதே பிழை, அவர் தந்தையின் மச்சான் என்றார். தந்தை ஒரு வீட்டோடு செய்த சம்பந்தம் மகனுக்கு மரபுரிமையாக இறங்குகிறது. தந்தைக்கு மச்சானாக இருந்தவர் மகனுக்கு மாமனாகிறார், அவர் மகன் இவனுக்கு மச்சானாகிறான். சொற்களின் வரிசையே திருமண விதியின் வரிசை. தாமஸ் டிரவுட்மன் 1981இல் எழுதிய ‘திராவிட உறவுமுறை’ இதை வரலாற்றோடு சேர்த்து விரிவாகப் பேசுகிறது. தென்னாட்டார் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கிறார்கள் என்று பௌதாயன தர்மசூத்திரம் அந்தக் காலத்திலேயே குறித்து வைத்திருக்கிறது; வடக்கிலிருந்து பார்ப்பவருக்கு அது விசித்திரமாகவே பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் நம் மொழிப்பற்றாளர்களோடும் எனக்கொரு வழக்கு உண்டு. ‘ஆங்கிலத்தில் அங்கிள் ஒன்றுதான், தமிழில் பாருங்கள், பெரியப்பா, சித்தப்பா, மாமா! எத்தனை வளம்!’ என்று மேடைதோறும் கேட்கிறோம். எண்ணிக்கைதான் வளம் என்றால், தாய்மாமனையும் அத்தை கணவரையும் மாமனாரையும் ‘மாமா’ என்ற ஒரே சொல்லில் அடைக்கிற நாம் அல்லவா ஏழைகள்? மாமனாருக்கு ஆங்கிலேயர் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். மகளின் கணவனும் மருமகன், சகோதரியின் மகனும் மருமகன். அங்கே இரண்டுக்கும் வேறு வேறு சொல். இவர்கள் பெருமைப்படுகிற பட்டியலை இவர்களே புரிந்துகொள்ளவில்லை. மூவரையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம், ஏனெனில் முறைப்படி பார்த்தால் மூவரும் ஒரே இடத்தில் நிற்பவர்கள். எவருடைய மகளும் மணமகளாகலாம். தமிழ் உறவுச் சொற்களை இரத்தத்தின் அளவுகோலாக எண்ணுவதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். மருத்துவரைக் கேளுங்கள்: சித்தப்பா மகளும் மாமன் மகளும் மரபணுக் கணக்கில் ஒரே நெருக்கம். சொந்தத்தில் மணப்பதைப் பற்றி அவர் எச்சரிக்கும்போது முறைப்பெண்ணையும் சேர்த்துத்தான் எச்சரிக்கிறார், அந்த எச்சரிக்கை நியாயமானதும்கூட. உயிரியலில் ஒன்றாக இருப்பவர்களை மொழி இரண்டாகப் பிளக்கிறது. உறவு என்பது பிறப்பால் வருவது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். நம் சொற்களோ அதை ஏற்பாடு என்கின்றன.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் இந்த முட்டலைச் சந்தித்தது. இரு சகோதரர் பிள்ளைகள், இரு சகோதரியர் பிள்ளைகள், சகோதரன் சகோதரி பிள்ளைகள் என எல்லாரையும் ஒரே விலக்கில் போட்டுவிட்டு, வழக்காறு அனுமதித்தால் மட்டும் தடையில்லை என்று ஒரு விதிவிலக்கு வைத்தது. அந்த விதிவிலக்கின் நிழலில்தான் தமிழ்நாட்டின் எத்தனையோ கல்யாணப் பத்திரிகைகள் அச்சாகியிருக்கின்றன.

வேறு மொழிகளிலிருந்து வரும்போது கணக்கு மாறும் என்பதையும் சொல்லவேண்டும். இந்தியில் மாமன் மகனும் ‘பாய்’தான், ராக்கி கட்டும் கைகளுள் அவன் கையும் ஒன்று. இந்திக் கதையில் வரும் அவனை ‘மச்சான்’ என்று தமிழாக்கினால் அந்தக் கதை செத்துவிடும். அங்கே ‘மாமன் மகனான அண்ணன்’ என்று நம் காதுக்குப் பொருந்தாத தொடரையே எழுதியாகவேண்டும். ஐன்ஸ்டைன் 1919இல் எல்சாவை மணந்ததை ‘உறவுக்காரப் பெண்ணை மணந்தார்’ என்று எழுதுவது வழக்கம். எல்சா அவருடைய பெரியம்மா மகள், மூன்று வயது மூத்தவர். நம் முறையில் அக்காள். ‘உறவுக்காரப் பெண்’ என்கிற மழுப்பல் யாரைக் காப்பாற்றுகிறது, ஐன்ஸ்டைனையா, வாசகரையா? டார்வின் 1839இல் எம்மாவை மணந்ததையும் அதே தொடரால்தான் சொல்கிறார்கள். எம்மா தாய்மாமன் மகள். டார்வினுக்காக யாரும் எதையும் மழுப்பவேண்டிய தேவையே இல்லை!

ருஷ்ய இலக்கியத்தில் வேறொரு வகை நஷ்டம். ருஷ்ய மொழியில் மனைவியின் சகோதரனுக்கு ‘ஷூரின்’ என்றும், மனைவியின் சகோதரியுடைய கணவனுக்கு ‘ஸ்வயாக்’ என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. பின்னது அப்பட்டமாக நம் சகலை. ஆங்கிலம் இரண்டையும் ‘பிரதர் இன் லா’ ஆக்கும். நாம் அதை வாங்கி ‘மைத்துனர்’ ஆக்குவோம். இரண்டு கரைகளிலும் இருக்கிற ஒரு சொல் நடுவிலிருக்கும் பாலத்தில் விழுந்து தொலைகிறது. ‘அன்னா கரீனினா’வில் லெவினும் ஒப்லான்ஸ்கியும் சகலைகள், ஒப்லான்ஸ்கிக்குக் கரீனின் தங்கை கணவர். இந்த இரண்டு உறவுகளின் ருசியும் வேறுவேறு என்று கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருமுறை உட்கார்ந்தவருக்குத் தெரியும். அன்னா மாஸ்கோவுக்கு ரயிலில் வந்து இறங்குவதே அண்ணனுக்கும் அண்ணிக்கும் இடையில் சமாதானம் செய்ய. அண்ணியைச் சமாதானம் செய்ய வருகிற நாத்தனார்! அந்தச் சொல் வந்தவுடனே தமிழ் வாசகர் சற்று நிமிர்ந்து உட்காருவார். டால்லி அவளை எவ்வளவு தயக்கத்தோடு எதிர்கொள்கிறாள் என்பது அப்போது விளக்கமில்லாமலே விளங்கும். ‘கணவனின் சகோதரி’ என்று எழுதுவதும் தவறில்லைதான். உப்பில்லாத சோறும் தவறில்லை.

‘கிராமிய வழக்கு’ என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். எது பொது, எது வட்டாரம்? யாழ்ப்பாணத்தில் மச்சான் உண்டு, அவனுக்கு இணையாக மச்சாளும் உண்டு. மாமன் மகளையும் அத்தை மகளையும் குறிக்க அவர்களுக்கு ஒற்றைச் சொல் இருக்கிறது, நாம் இரண்டு சொல் சேர்த்து இழுக்கிறோம். நெல்லையில் மதினி, கொங்கில் தாயைப் பெற்றவர் அப்புச்சி, காயல்பட்டினத்தில் அண்ணன் காக்கா, அக்காள் லாத்தா. பிராமணர் வீடுகளில் மன்னி, அத்திம்பேர், அம்மாஞ்சி (மாமன் மகனைக் குறித்த அந்தச் சொல் அப்பாவி அசடன் என்று பொருள் மாறியதில் ஒரு சமூக வரலாறே ஒளிந்திருக்கிறது). இவற்றுள் எதையும் யார்க்‌ஷயருக்கு ஏற்றுமதி செய்யச் சொல்லவில்லை. ஹேர்ட்டனை அம்மாஞ்சி என்று நான் எழுதியிருந்தால் பதிப்பாசிரியர் என்னை அடித்தாலும் தகும். ஆனால் அத்தை, மாமன், மகன் மூன்றும் எந்த ஊருக்கும் தனியுடைமையல்ல. பழந்தமிழைப் பொதுத்தமிழுக்கு அளவுகோலாகக் கொள்வதானால், அங்கே பொதுமை இன்னும் குறைவு. யாய் என் தாய், ஞாய் உன் தாய், தாய் என்பது அவனுடைய அல்லது அவளுடைய தாய். எந்தை, நுந்தை, தந்தை; எம்பி, உம்பி, தம்பி. யாருடையவர் என்பது சொல்லுக்குள்ளேயே தைக்கப்பட்டிருந்தது. யாருக்கும் உரியவரல்லாத, வெறும் ‘உறவினர்’ என்ற மனிதரை அந்த மொழி உறவுப் பெயரால் அறியவில்லை.

சென்னையில் வளரும் பிள்ளைகள் அத்தை மகனைக் ‘கசின்’ என்று அழைப்பதில் எனக்கு வருத்தமில்லை. முறைப்பெண் என்ற பிணைப்பிலிருந்து ஒரு தலைமுறை விலகி நடக்கிறது, சொல்லும் விலகும். அது அவர்கள் வாழ்க்கை. ‘கசின் பிரதர்’ என்பதைக் கேட்டு நம் ஆங்கில ஆசிரியர்கள் சிரிப்பார்களே, அதில்கூட எனக்கு அனுதாபம் அந்தப் பிள்ளைகளிடமே. ஆங்கிலம் சொல்லத் தவறியதை இரண்டு சொல் சேர்த்துச் சொல்லப் பார்க்கிறார்கள். என் வழக்கு, சொல் கையில் இருந்தும் அதைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டுப் பொய்யான ஒன்றைச் செந்தமிழ் என்று அச்சிடுகிறவர்களோடு. எதிர்த்திசையில் தமிழ்க் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர்களும் இதையே செய்கிறார்கள். முறைப்பெண் ‘மாமா’ என்று அழைத்து நாணுகிற காட்சி, ‘அங்கிள்’ என்று பெயர்க்கப்பட்டவுடன் அங்குள்ள வாசகருக்கு அருவருப்பான ஒன்றாகிவிடுகிறது.

நிற்க. மெய்ப்பைப் பற்றிச் சொன்னேன். இருபத்தேழாம் அத்தியாயத்தில் ஹீத்கிளிஃப் இளைய கேத்தரினை வீட்டுக்குள் பூட்டிவைத்து, லின்ட்டனை மணந்தால்தான் வெளியே விடுவேன் என்கிற இடம். அங்கும் திருத்தம் ஒழுங்காக ஏறி, அவள் தன் ஒன்றுவிட்ட சகோதரனை மணந்தாகவேண்டும் என்றிருந்தது. ஓரத்தில் பென்சிலால் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு; பதிப்பாசிரியரின் கையெழுத்தன்று, மெய்ப்புப் பார்த்த யாரோ ஒருவருடையது. ‘சகோதரனையா? மூலத்தைச் சரிபார்க்கவும்.’ அதன் கீழே ‘அத்தை மகனை’ என்று எழுதி, கட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.